உங்களுக்கு வாக்களித்ததும் நாங்கள்தான், அந்தச் சட்டத்துக்கு வாக்களித்ததும் நாங்கள்தான்

ஜெஃபர்சன் சிட்டியில் கூடும் மிசௌரி மாநிலச் சட்டமன்றத்தின் 163 பிரதிநிதிகளுக்கும் 34 செனட்டர்களுக்கும் வணக்கம்.

செயின்ட் லூயிஸ் கவுண்டியில் குடியிருக்கும், உங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள ஒரு குடிமகள் எழுதும் மடல் இது. இதையே ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. செயின்ட் லூயிஸிலும் கேன்சஸ் சிட்டியிலும் கொலம்பியாவிலும் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அதிபரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். மாநிலச் சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எங்கள் சம்பளம், விடுப்பு, மருத்துவம், தொகுதி எல்லாவற்றையும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள் என்பதை அவர்களும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பர் 5 அன்று நாங்கள் போட்ட வாக்குகளை முதலில் பார்ப்போம். டொனால்ட் டிரம்புக்கு மிசௌரியில் 58 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது. ஆளுநர் மைக் கீஹோவுக்கு 59 சதவீதம். செனட்டர் ஜாஷ் ஹாலிக்கு 55 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி, சம்பளத்துடன் சிக் லீவ் தரும் ‘ப்ரொபொசிஷன் ஏ’ என்ற சட்டமும் மக்களின் நேரடி வாக்குக்காக இருந்தது. அதற்கு 57 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு, அதாவது ஹாலி பெற்றதைவிட அதிகம். கமலா ஹாரிஸுக்கு இங்கே கிடைத்தது 40 சதவீதம்தான். அவருக்குப் போட்ட அத்தனை பேரும் ‘ஏ’-வுக்கும் ஆம் என்று போட்டிருந்தால்கூட மீதி 17 சதவீதம் எங்கிருந்து வந்தது? டிரம்புக்கும் கீஹோவுக்கும் உங்களுக்கும் போட்டவர்களிடமிருந்துதான் வந்தது. உங்களை ஜெஃபர்சன் சிட்டிக்கு அனுப்பிய அதே கை, அதே பேனாவால் இந்தச் சட்டத்துக்கும் ஆம் என்று வட்டத்தை நிரப்பியது.

இதை நீங்கள் அறிவீர்கள். அறிந்துதான் அடுத்த ஆண்டே அதன் பெரும்பகுதியை நீக்கினீர்கள்.

அந்தச் சட்டம் கேட்டது பெரிய விஷயமே இல்லை. குறைந்தபட்சக் கூலி 2025 ஜனவரியில் மணிக்கு 13.75 டாலர், 2026 ஜனவரியில் 15 டாலர், அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்ற உயர்வு. அதோடு, வேலை செய்யும் ஒவ்வொரு 30 மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரம் சம்பளத்துடன் சிக் லீவ். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 56 மணி நேரம் வரை எடுக்கலாம், சிறிய கடை என்றால் 40 மணி நேரம் வரை. என்னைப் போல அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உடம்பு சரியில்லை என்று காலையில் ஒரு மெசேஜ் போட்டால் போதும், சம்பளம் வந்துவிடும். ஆனால் உணவகத்தில் தட்டு கழுவுபவர், முதியோர் இல்லத்தில் இரவு முழுவதும் நிற்பவர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர், மளிகைக்கடை கவுண்டரில் நிற்பவர், இவர்கள் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார்கள். வராவிட்டால் அந்த நாள் கூலி போய்விடும். அந்தக் காய்ச்சல் நம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 மே 1 அன்று இந்த விடுப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், வணிகர் தரப்பு தொடுத்த வழக்கை நிராகரித்து, மாநில உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பு செல்லும் என்று சொல்லியிருந்தது. மே 14 அன்று செனட்டில் எதிர்த்தரப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே, ‘ப்ரீவியஸ் கொஸ்டியன்’ என்ற விதியைக் கொண்டு விவாதத்தை வெட்டி, நீக்கும் மசோதாவை நிறைவேற்றினீர்கள். மிசௌரி செனட்டில் பேசி முடிக்கும்வரை பேச விடுவது நீண்ட மரபு. மிக அரிதாகவே எடுக்கும் அந்த ஆயுதத்தை, மக்கள் போட்ட சட்டத்தை எடுப்பதற்குப் பயன்படுத்தினீர்கள். ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28 அன்று விடுப்பும் போனது, விலைவாசிக்கு ஏற்ற கூலி உயர்வும் போனது. 15 டாலர் மட்டும் மிஞ்சியது. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவர், சட்டம் உயிரோடு இருந்த அந்த நான்கு மாதத்தில் சேர்த்திருக்கக்கூடியது சுமார் 17 மணி நேரம். அதாவது இரண்டு நாள் வேலையும் ஒரு மணி நேரமும். 57 சதவீதம் பேர் வாக்களித்து வாங்கிக் கொடுத்தது இவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன காரணங்களையும் கேட்டேன். சிறிய கடைகளால் தாங்க முடியாது என்றீர்கள். அது பேச வேண்டிய விஷயம்தான். குடும்பத்தோடு சேர்ந்து சின்ன உணவகம் நடத்தும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள், அவர்களுடைய கவலை பொய்யில்லை. ஆனால் அதற்காகச் சிறிய கடைகளின் மணிநேரத்தைக் குறைத்திருக்கலாம், கணக்கு வைக்கும் முறையை எளிதாக்கியிருக்கலாம். நெப்ராஸ்காவில் அதே 2024-இல் மக்கள் இதே போன்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். அங்கே சட்டமன்றம் மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்குத் தந்தது. அதுவும் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், சட்டத்தின் பெரும்பகுதியை விட்டுவைத்தார்கள். நீங்கள் ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் தொழிலாளிக்குக்கூட ஒரு மணி நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. சிறிய கடையின் பெயரைச் சொல்லிப் பெரிய நிறுவனத்தையும் விடுவித்ததற்கு இதுவரை நீங்கள் காரணம் சொல்லவில்லை.

இன்னொரு காரணம், வெளிமாநிலப் பணம் வந்து மக்களைக் குழப்பிவிட்டது, மக்கள் படிக்காமல் போட்டுவிட்டார்கள் என்பது. இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வெளிமாநிலப் பணம் உங்கள் பிரசாரங்களுக்கும் வருகிறது. அதை வைத்து உங்கள் வெற்றி செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. அதே சீட்டில் உங்கள் பெயரைத் தேடி நிரப்பியபோது தெளிவாக இருந்த வாக்காளருக்கு, சில அங்குலம் கீழே வந்ததும் புத்தி மயங்கிவிட்டதா?

நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவள். அங்கே நாங்கள் ஆட்களுக்கு வாக்களிப்போம், சட்டத்துக்கு வாக்களிப்பதில்லை. இங்கே குடியுரிமை பெற்றபின் முதன்முதலாக வாக்குச்சீட்டை விரித்தபோது, ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று என்னிடமே கேட்டது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது. இந்த உரிமையை மிசௌரி மக்கள் 1908-இல் வாக்களித்துப் பெற்றார்கள். உங்கள் அரசியலமைப்பின் முதல் பிரிவின் முதல் வரியே எல்லா அரசியல் அதிகாரமும் மக்களிடம் உள்ளது, மக்களிடமிருந்தே வருகிறது என்கிறது. பதவி ஏற்கும்போது நீங்கள் காப்பதாக உறுதி சொன்னது அந்த அரசியலமைப்பைத்தான்.

‘ஏ’ ஒரு தனிச் சம்பவமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1999-இல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை வேண்டாம் என்று மக்கள் வாக்களித்தார்கள். 2003-இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி சட்டமன்றம் அதைக் கொண்டுவந்தது. 2010-இல் நாய்களை அடைத்துவைத்துக் குட்டி போடவைக்கும் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். ஒரு பண்ணையில் இனப்பெருக்கத்துக்கு 50 நாய்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பை அடுத்த ஆண்டே எடுத்துவிட்டீர்கள். அதில் கையெழுத்திட்டவர் ஜே நிக்சன், ஜனநாயகக் கட்சி ஆளுநர். எனவே இது ஒரு கட்சியின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மாசசூசெட்ஸில் 1998-இல் மக்கள் நிறைவேற்றிய தேர்தல் நிதிச் சட்டத்தை 2003-இல் நீக்கியதும் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மைதான்.

2018-இல் நடந்தது மனத்தை விட்டு அகலாதது. ‘க்ளீன் மிசௌரி’ என்ற திருத்தத்துக்கு 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சட்டமன்றத் தொகுதிகளைக் கட்சிகள் வரையாமல், கட்சி சாராத ஒரு மாநில அதிகாரி முதல் வரைவைத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் மையம். லாபியிஸ்டுகள், அதாவது நிறுவனங்களுக்காக உங்களிடம் ஆதரவு திரட்டுபவர்கள், உங்களுக்குத் தரும் பரிசு 5 டாலரைத் தாண்டக்கூடாது என்றும் இருந்தது. 2020-இல் நீங்கள் அதை மறுபடி வாக்குச்சீட்டில் வைத்தீர்கள். பரிசுகளை 5 டாலரிலிருந்து பூஜ்ஜியமாக்குகிறோம், செனட் வேட்பாளருக்கான நன்கொடை வரம்பை 2,500 டாலரிலிருந்து 2,400 ஆக்குகிறோம் என்பவை முன்னால் நின்றன. அந்த அதிகாரியின் பதவியே ஒழிகிறது என்பது அவற்றுக்குப் பின்னால் வந்தது. 51 சதவீதத்தில் நிறைவேறியது. ஒரே ஒரு வரைபடம்கூட அந்த முறையில் வரையப்படவில்லை. இங்குள்ள பத்திரிகைகள் இப்படி முன்னால் வைக்கும் இனிப்பை ‘பேலட் கேண்டி’ என்கின்றன.

அதே 2020-இல், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்க 53 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சுமார் 2,75,000 பேருக்குத் தகுதி கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. 2021-இல் நீங்கள் பணம் ஒதுக்க மறுத்தீர்கள். மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மக்கள் பக்கம் நின்ற பிறகுதான் விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன. அது அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்ததால் பிழைத்தது. ‘ஏ’ வெறும் சட்டமாக இருந்ததால் செத்தது.

இந்தப் பாடத்தை மிசௌரி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். சட்டமாகப் போட்டால் எடுத்துவிடுவார்கள், அரசியலமைப்பில் எழுதினால்தான் நிற்கும். அதனால்தான் 2022-இல் கஞ்சாச் சட்டம் கிட்டத்தட்ட 40 பக்கத்துக்கு அரசியலமைப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அப்புறம் நீங்களே வந்து, அரசியலமைப்பு வீங்கிவிட்டது, அதைத் திருத்துவது இவ்வளவு எளிதாக இருக்கக் கூடாது என்கிறீர்கள். முன்வாசலைப் பூட்டியவர்கள் கொல்லை வழியாக ஏன் வருகிறாய் என்று கேட்பது போல இருக்கிறது.

இப்போது கொல்லைக் கதவும் அடைபடப் போகிறது. 2025 செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றி, 2026 நவம்பர் தேர்தலுக்கு அனுப்பிய தீர்மானத்தைச் சொல்கிறேன். மக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் எந்த அரசியலமைப்புத் திருத்தமும் இனி மாநிலம் முழுவதற்குமான பெரும்பான்மை பெற்றால் போதாது, எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை பெற வேண்டும் என்கிறது அது. இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். மாநிலம் எட்டுச் சம பங்கு. ஒரு பங்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வேண்டாம் என்றால், அது மாநிலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நூறில் ஆறு ஏழு பேர் மறுத்தால் மற்ற தொண்ணூற்று மூன்று பேர் சொன்னதும் வீண். அதுவும் மக்கள் கொண்டுவரும் திருத்தத்துக்கு மட்டும்தான் இந்த விதி. நீங்கள் கொண்டுவரும் திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்த விதியே நிறைவேறுவதற்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

கிராமங்களின் குரல் நகரங்களுக்கு அடியில் நசுங்கக் கூடாது என்று இதற்கு நியாயம் சொல்கிறீர்கள். அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அதற்கான பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறதே. ஒரு திருத்தம் வாக்குச்சீட்டுக்கு வரவேண்டுமென்றால் எட்டில் ஆறு தொகுதிகளில், ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்கில் 8 சதவீதம் கையெழுத்து வாங்க வேண்டும். செயின்ட் லூயிஸிலும் கேன்சஸ் சிட்டியிலும் மட்டும் நின்றால் முடியாது. அவற்றுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் போய்க் கதவு தட்ட வேண்டும். தட்டுகிறார்கள். இந்தத் தீர்மானத்திலும் இனிப்பு உண்டு: வெளிநாட்டுப் பணத்துக்குத் தடை, கையெழுத்து மோசடிக்குத் தண்டனை. 2024-இல் குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்கத் தடை என்று ஒன்றை முன்னால் வைத்து 68 சதவீதம் வாங்கினீர்கள், அவர்கள் வாக்களிக்க அதற்கு முன்பும் சட்டத்தில் இடமில்லை. பல வருடம் கிரீன் கார்டோடு வரி கட்டி, வாக்கில்லாமல் காத்திருந்து குடியுரிமை பெற்றவள் நான். என்னைப் போன்றவர்களை ஒரு பூச்சாண்டியாகக் காட்டி வாக்குச் சேர்த்தது எவ்வளவு வலித்தது என்று நீங்கள் அறிய மாட்டீர்கள்.

கருக்கலைப்பு உரிமையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024-இல் 51.6 சதவீதத்தில் நிறைவேறிய அந்தத் திருத்தத்தை 2026-இல் மறுபடி மக்களிடம் கேட்க முடிவு செய்தீர்கள். இந்த விஷயத்தில் என் கோவில் நண்பர்களும் அண்டை வீட்டாரும் நானும் ஒரே கருத்தில் இல்லை. மறுபடி கேட்பது உங்கள் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய சுருக்கத்தில், இது முந்தைய திருத்தத்தை நீக்குகிறது என்ற உண்மையே இல்லை. நீதிமன்றம் தலையிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்பதாக இருந்தால் நேராகக் கேளுங்கள்.

அதே 2025 செப்டம்பர் கூட்டத்தில்தான் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தையும் மாற்றினீர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வரைவதுதான் வழக்கம். இடையில், வாஷிங்டனிலிருந்து வந்த வற்புறுத்தலுக்காக, கேன்சஸ் சிட்டியை மூன்று துண்டாக்கினீர்கள். எட்டில் ஆறு இடம் உங்கள் குடியரசுக் கட்சியிடம் இருந்தது, ஏழாக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கேன்சஸ் சிட்டியின் முதல் கறுப்பின மேயராக இருந்து, 2005 முதல் அந்தத் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்யும் எமானுவல் கிளீவரின் இடம்தான் குறி. புதிய கோடு ட்ரூஸ்ட் அவென்யூவை ஒட்டி ஓடுகிறது. அந்தத் தெரு பல தலைமுறையாகக் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று அந்த நகரத்தைப் பிரித்து வைத்த தெரு. கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியும் இதைத்தானே செய்தது என்பீர்கள். செய்தது, அதையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அங்கே 2025 நவம்பரில் மக்களிடம் கேட்டுவிட்டுச் செய்தார்கள். இந்தியானாவில் உங்கள் கட்சியே பெரும்பான்மையாக உள்ள செனட் டிசம்பரில் 31-க்கு 19 என்று இதே வற்புறுத்தலை மறுத்தது. உங்களாலும் முடிந்திருக்கும்.

அந்த வரைபடத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் 2025 டிசம்பர் 9 அன்று ஒப்படைக்கப்பட்டன. தேவையானதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சூலார்ட் சந்தையில் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நானும் அதில் கையெழுத்திட்டேன். எனக்கு முன்னால் கையெழுத்திட்ட பெரியவர் டிரம்ப் தொப்பி போட்டிருந்தார். “எனக்கு அந்த மேப் பிடிக்கும், ஆனால் என்னைக் கேட்டிருக்க வேண்டும்” என்றார்.

ஒன்றையும் நீங்கள் சரியாகச் செய்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-இல் தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்தும் ‘ரைட் டு வொர்க்’ சட்டம் போட்டீர்கள். மக்கள் கையெழுத்து வாங்கி அதை நிறுத்தினார்கள், 2018 ஆகஸ்டில் 67 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு அதை நீங்கள் நிறைவேற்றவில்லை. மாநிலம் அதனால் கெட்டுப்போகவும் இல்லை.

நான் கேட்பது அரிசோனாவில் 1998 முதல் இருக்கிறது. மக்கள் வாக்களித்த சட்டத்தை அங்கே சட்டமன்றம் நீக்க முடியாது. திருத்துவதாக இருந்தாலும் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும், அந்தத் திருத்தம் சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுத்துச் செல்ல வேண்டும். யூட்டாவில் உச்ச நீதிமன்றம் 2024-இல் இதே திசையில் தீர்ப்புச் சொன்னது. இரண்டும் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள் இல்லை. மிசௌரியிலும் இப்படி ஒரு பாதுகாப்பை நீங்களே முன்மொழியுங்கள். அது வந்தால் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அரசியலமைப்பைத் தொட வேண்டிய தேவை எங்களுக்கும் இருக்காது. சிக் லீவைத் திருப்பிக் கொடுங்கள். சிறிய கடைகளுக்கு எப்படிச் சலுகை தரலாம் என்று பேச நான் தயார், என் நண்பர்களும் தயார். எட்டுத் தொகுதி விதிக்கு நீங்கள் வாக்களித்திருந்தாலும், அதற்காகப் பிரசாரம் செய்யாதீர்கள். வரைபடத்தின் மீது மக்கள் கேட்ட வாக்கெடுப்பை வழக்குகளால் தடுக்காதீர்கள்.

2026-இல் உங்கள் 163 பிரதிநிதி இடங்களுக்கும் செனட்டில் பாதிக்கும் தேர்தல். எங்கள் பகுதியில் வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும், நானும் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம்: நாங்கள் வாக்களித்துக் கொண்டுவரும் ஒரு சட்டம் உங்களுக்குப் பிடிக்காமல் போனால் அதை என்ன செய்வீர்கள்? பதிலை எழுதி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
செயின்ட் லூயிஸ் கவுண்டி வாக்காளர் ஒருவர்